நெல்லையில் ஓர் அறை, ஆறு நெடுகப் பயணம்

மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில், பொழுது விடியும் முன்பே, திருநெல்வேலியிலிருந்து சில சிறப்புப் பேருந்துகள் கிளம்பும். நவகைலாயப் பேருந்துகள் என்று பெயர். பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் என்று ஒன்பது சிவன் கோயில்களையும் ஒரே நாளில் காட்டிவிட்டு, இருட்டிய பிறகு ஏறின இடத்திலேயே இறக்கிவிடும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இதேபோல ஒன்பது பெருமாள் கோயில்களான நவதிருப்பதிக்கு. அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் ஆற்றில் விட்ட ஒன்பது மலர்கள் ஒதுங்கிய இடங்களே ஒன்பது கைலாயங்கள் என்பது தலபுராணம். கதையை நம்புகிறவரோ இல்லையோ, அந்தப் பேருந்தில் ஒருமுறை ஏறி இறங்கியவர் தாமிரபரணியின் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே பகலில் பார்த்துவிடுகிறார். முதல் கோயில் மலையடியில், கடைசிக் கோயில் கடலுக்குப் பக்கத்தில்.

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் வரை இந்த ஆறு ஓடும் தூரம் 130 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே அமைந்த வற்றாத பெரிய ஆறு இது ஒன்றுதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதற்கு நீர் தருகின்றன. அணை, அருவி, காடு, அணைக்கட்டு, வாய்க்கால், நெல்வயல், வாழைத்தோட்டம், ஆழ்வார் பிறந்த ஊர், மூவாயிரம் ஆண்டுப் பழமையுள்ள தாழிக்காடு, பழைய முத்துத் துறைமுகம் எல்லாம் இந்தக் குறுகிய நீளத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இவ்வளவு சின்ன நிலத்தில் இவ்வளவு செறிவாகப் பார்ப்பதற்கு இருக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்கு தமிழ்நாட்டில் வேறு எது என்று தேடிப் பார்த்தால் எளிதில் விடை கிடைக்காது.

ஆனாலும் வெளியூர்க்காரர்கள் இங்கே வரும் விதம் வருத்தம் தருவதாக இருக்கிறது. முதல் இரவு குற்றாலம், இரண்டாம் இரவு பாபநாசம் பக்கம், மூன்றாம் இரவு திருச்செந்தூர் என்று திட்டம் போடுகிறார்கள். ஒவ்வொரு காலையும் பெட்டி கட்டுவதிலும் அறையைக் காலி செய்வதிலும் கழிகிறது. புதிய ஊரில் அறை பிடித்து முகம் கழுவி வெளியே வந்தால் பகல் பன்னிரண்டு மணி. கோயில் நடை சாத்தியிருக்கும். மூன்று நாள் சுற்றியும் நினைவில் நிற்பது விடுதி வாசல்களும் சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளும்தான். ஓர் ஊரில் அறை எடுத்து, தினமும் ஒரு திசைக்குப் போய் இரவு அதே கட்டிலுக்குத் திரும்பினால் இந்த இழப்பு பெரும்பாலும் இல்லாமல் போகும். அந்த ஊர் எது என்பதுதான் கேள்வி.

ஜெர்மனியின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளைச் சுற்றுகிறவர்கள் இந்தக் கேள்வியை வெகு காலமாகக் கேட்டு வருகிறார்கள். ரைன் கரையிலும் மோசல் கரையிலும் கோட்டையும் திராட்சைத் தோட்டமுமாக எத்தனையோ அழகான சிற்றூர்கள் உண்டு. இருந்தும் அனுபவசாலிகள் பலர் தங்குவது கோப்லென்ஸ் நகரில். அங்கேதான் மோசல் ரைனில் கலக்கிறது. 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ரைன் பள்ளத்தாக்குப் பகுதி அந்த நகரிலிருந்து தெற்கே தொடங்குகிறது. ஆற்றின் இரு கரைகளிலும் ரயில் ஓடுகிறது. மேற்கே கொஹெம், டிரியர் ஊர்களுக்கு மோசல் வழி ரயில். கோப்லென்ஸைவிடக் கண்ணுக்கு இனிய ஊர்கள் சுற்றிலும் இருந்தாலும், எல்லாத் திசைக்கும் வண்டி கிடைப்பதும் மாலையில் தயங்காமல் திரும்ப முடிவதும்தான் அதன் பலம். தங்கும் ஊரை அதன் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது, அதிலிருந்து புறப்படும் வழிகளுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட நடைமுறை.

தாமிரபரணிக்கு அந்தக் கணக்கைப் போட்டால் விடை திருநெல்வேலி.

வரைபடத்தை விரித்தால் காரணம் தெரிந்துவிடும். ஆற்றின் ஏறத்தாழ நடுவில் ஊர் இருக்கிறது. மேற்கே அம்பாசமுத்திரம் சுமார் 35 கிலோமீட்டர், பாபநாசம் இன்னும் சற்றுத் தள்ளி. கிழக்கே ஸ்ரீவைகுண்டம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர், திருச்செந்தூர் அறுபதுக்குள். ஆற்றின் எந்தக் கோடிக்கும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அதைவிடப் பெரிய வசதி, ரயில் பாதை இரு திசையிலும் ஆற்றை ஒட்டிப் போகிறது. தென்காசி, செங்கோட்டை வழியில் பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். திருச்செந்தூர் வழியில் பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம். ஆற்றங்கரை ஊர்களின் பட்டியலும் ரயில் நிலையங்களின் பட்டியலும் பெரும்பாலும் ஒன்றுதான். இந்த இரண்டு கிளைப் பாதைகளும் மீட்டர் கேஜ் காலத்திலிருந்து ஓடுபவை. திருச்செந்தூர்ப் பாதை 2008இலும் தென்காசிப் பாதை 2012இலும் அகலப் பாதையாகித் திரும்ப ஓடத் தொடங்கின.

மற்ற ஊர்களுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. அம்பாசமுத்திரத்தை, உள்ளூர்க்காரர் வாயில் அம்பையை, சொல்பவர்களின் வாதம் வலுவானது: மலை பக்கத்தில், ஆறு காலடியில், காற்றும் குளிர்ச்சி. மேல் ஆற்றை மட்டும் பார்க்க வருகிறவர் அங்கேயே தங்கலாம். ஆனால் அங்கிருந்து ஆழ்வார்திருநகரிக்குப் போக நெல்லை வந்து வண்டி மாற வேண்டும். திருச்செந்தூரில் விடுதிகளுக்குக் குறைவில்லை. சஷ்டி, விசாகம் போன்ற நாள்களில் இடம் கிடைக்காது, மேல் ஆறும் வெகு தூரம். தூத்துக்குடி விமானத்தில் வருகிறவருக்கு வசதி, ஆனால் ஆற்றை விட்டு விலகிய ஊர்.

நெல்லையைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு சுற்றியவர்கள் முன்பும் இருந்தார்கள். பிரஷ்யாவில் பிறந்த மதபோதகர் ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1838இல் இறக்கும் வரை அந்த ஊரிலிருந்துதான் கிராமம் கிராமமாகப் போய் வந்து பள்ளிகளையும் சபைகளையும் நிறுவினார். அவர் 1826இல் கட்டிய தேவாலயம் இன்றும் பாளையில் ஊசிக் கோபுரத்தோடு நிற்கிறது. களக்காடு பக்கத்திலுள்ள டோனாவூர் என்ற ஊர்ப்பெயர், அங்கே ஆலயம் கட்ட நன்கொடை அளித்த டோனா பிரபு என்ற பிரஷ்ய நாட்டவரின் நினைவாக வந்தது. மாட்டு வண்டியும் பல்லக்கும் குதிரையும் இருந்த காலத்தில் பாளை நடுவூராகப் பயன்பட்டதென்றால், ரயிலும் பேருந்தும் இருக்கும் இந்தக் காலத்தில் சொல்லவே வேண்டாம்.

அறை எடுக்கும் இடத்திலும் யோசனை தேவை. நெல்லை என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அது மூன்று ஊர்: நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய டவுன், ரயில் நிலையத்தைச் சுற்றிய ஜங்ஷன், ஆற்றின் மறுகரையில் பாளையங்கோட்டை. காலை ரயிலை நம்பிப் பயணம் செய்கிறவர் ஜங்ஷனிலேயே தங்கிவிடுவது நல்லது. வெளியூர்ப் பேருந்துகள் பல வேய்ந்தான்குளத்துப் புதிய பேருந்து நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. அது பாளைப் பக்கம், ஜங்ஷனிலிருந்து நடக்கிற தூரம் இல்லை. எந்த வண்டி எங்கே நிற்கும் என்ற குழப்பம் முதல் நாளில் யாருக்கும் வரும். "அண்ணாச்சி, அம்பை வண்டி எங்க நிக்கும்?" என்று கேட்டால் போதும். கேட்கப்பட்டவர் சொல்லிவிட்டுப் போக மாட்டார். கூடவே வந்து ஏற்றிவிட்டுத்தான் போவார்.

ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்குவது நல்லது. பார்ப்பதற்கு அதிகமுள்ள பகுதி அதுதான். அவசரப்பட்டால் கெட்டுப்போகும் பகுதியும் அதுதான். இங்கே நேரத்தை ஆள்வது கோயில் நடை. காலையில் திறந்து உச்சிப்பொழுதில் சாத்தினால் மாலை நான்கு, ஐந்து மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். ஆகவே விடிந்ததும் போய்க் காலையில் கோயில்கள், நடுப்பகலில் கோயில் அல்லாத இடங்கள், மாலையில் மறுபடி கோயில்கள் என்று நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் ஒன்பது தலங்களையும் முடிக்கும் சிறப்புப் பேருந்து பள்ளத்தாக்கை மேலோட்டமாக அறிந்துகொள்ள அருமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு கோயிலிலும் கிடைப்பது சில நிமிடங்களே. ஸ்ரீவைகுண்டத்தின் தூண் சிற்பங்களையும் ஆழ்வார்திருநகரியின் பிரகாரங்களையும் அந்த வேகத்தில் பார்ப்பது அவற்றுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

திருச்செந்தூர்ச் சாலையில் பாளையைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் கிருஷ்ணாபுரம். வெங்கடாசலபதி கோயில் மண்டபத்தில் நாயக்கர் காலச் சிற்பிகள் செதுக்கிய ஆளுயர உருவங்கள் நிற்கின்றன. குறவன், குறத்தி, வீரபத்திரர், கர்ணன், அர்ச்சுனன். நரம்பு புடைத்த கையும், நகத்தின் நுனியும், நகையின் ஒவ்வொரு மணியும் கல்லில் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் செதுக்கலின் ஆழம் புலப்படும். தமிழ்நாட்டுச் சிற்பக் கலையின் உச்சங்களில் ஒன்று பேருந்துக் கட்டணத் தூரத்தில் இருக்கிறது என்பது நெல்லையில் தங்குகிறவருக்குக் கிடைக்கும் முதல் பேறு.

அதே சாலையில் இன்னும் கிழக்கே ஆதிச்சநல்லூர். ஆற்றின் தென்கரையில் பரந்து கிடக்கும் மேட்டு நிலம். அடியில் ஈமத் தாழிகள். 1876இல் பெர்லினைச் சேர்ந்த டாக்டர் ஜாகோர் இங்கே முதலில் தோண்டி, கிடைத்தவற்றை ஜெர்மனிக்கு எடுத்துச் சென்றார். பிறகு 19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு தொடங்கிய ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். வெண்கலப் பாத்திரங்கள், இரும்புக் கருவிகள், பொன் நெற்றிப்பட்டங்கள் என அவர் கண்டெடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2004இல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. 2020ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் ஆதிச்சநல்லூர் இடம்பெற்றது; 2023 ஆகஸ்டில் அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அகழாய்வுக் குழிக்கு மேல் கண்ணாடி பதித்து, தாழிகளை அவை கிடைத்த இடத்திலேயே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். கோயில் சாத்திய நடுப்பகல் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. குடையும் தண்ணீரும் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

வடகரையில் சிவகளை. அங்கே ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று கரிமப் பகுப்பாய்வு காட்டியதை 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. நெல்லையில் பொருநை அருங்காட்சியகம் அமைக்கும் அறிவிப்பும் அப்போது வந்ததுதான். 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை சிவகளை இரும்பின் காலத்தை கி.மு. 4ஆம் ஆயிரமாண்டு வரை பின்னுக்குக் கொண்டு போனது. இந்தக் காலக்கணிப்பு பற்றி அறிஞர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. ஆனால் தாழிக்குள் நெல் வைத்த அந்த மக்களின் வயலும் இன்றைய வயலும் ஒரே ஆற்றுத் தண்ணீரில் விளைந்தவை என்பதில் ஐயம் இல்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் கவனிக்க வேண்டியது: ரயில் நிலையம் தென்கரையில் புதுக்குடியில் இருக்கிறது, ஊரும் கள்ளபிரான் கோயிலும் வடகரையில். நடுவே ஆறு. 1873இல் கட்டி முடித்த அணைக்கட்டு இங்கேதான். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகியவை மற்ற ஏழு. கோயில் பார்க்க வருகிறவர்கள் இந்த அணைக்கட்டுகளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. நெல்லைச் சீமையின் சோறு இவற்றிலிருந்து வந்தது. இரு கரையிலும் பிரியும் வாய்க்கால்கள் குளங்களை நிரப்பி, குளங்கள் கார் நெல்லுக்கும் பிசான நெல்லுக்கும் பாய்ந்து, மிச்சம் மறுபடி ஆற்றுக்கு வரும். ஒரு மணி நேரம் ஒதுக்கி ஏதாவது ஓர் அணைக்கட்டின் மேல் நின்று வாய்க்கால் பிரிவதைப் பார்த்தால், வழியில் ஏன் இத்தனை கோயில், ஏன் இத்தனை ஊர் என்பதற்கு விளக்கம் தேவைப்படாது.

கள்ளபிரான் கோயிலுக்குப் பிறகு நத்தம், திருப்புளியங்குடி இரண்டும் அருகருகே. இரட்டைத் திருப்பதி, பெருங்குளம், தென்திருப்பேரை, திருக்கோளூர் எல்லாம் சுற்று வட்டாரத்தில். இவற்றுக்கு நகரப் பேருந்தை நம்பினால் நாள் போதாது. ஸ்ரீவைகுண்டத்திலோ ஆழ்வார்திருநகரியிலோ ஆட்டோ பேசிக்கொள்வது உசிதம். ஆழ்வார்திருநகரிக்கு மட்டும் தனியாக ஒரு மாலைப்பொழுது வேண்டும். நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் உறங்காப்புளி கோயிலுக்குள்ளேயே நிற்கிறது. அவரைத் தேடி வந்த மதுரகவியாழ்வார் பிறந்த திருக்கோளூர் பக்கத்து ஊர்தான். குமரகுருபரர் பிறந்தது ஸ்ரீவைகுண்டத்தில். வைணவமும் சைவமும் ஒரே ஆற்றின் நீரைக் குடித்து வளர்ந்த வட்டாரம் இது.

முகத்துவாரத்துக்கு வேறொரு நாள் ஒதுக்கலாம். வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர்போன ஆத்தூர், அதன் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம், கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் கையேடு கூடப் பேசும் ஊர். இன்றைக்குப் போனால் கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆறு கொண்டு வந்து கொட்டிய வண்டல் கரையைப் பல கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. கொற்கை தூர்ந்த பின் காயல், இன்றைய பழையகாயல், துறைமுகமானது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வந்த மார்கோ போலோ அதை வளமான பட்டணமாக எழுதினார். அதுவும் தூர்ந்தது. அடுத்து புன்னைக்காயல் எழுந்தது. தமிழ் அச்சின் முன்னோடி அண்ட்ரிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய ஊர் அது. ஓர் ஆறு தன் துறைமுகங்களைத் தானே மூடி மூடி முன்னேறிய வரலாற்றை ஒரு பகலில், கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் என்ற வரிசையில், கால்நடையும் ஆட்டோவுமாகப் பார்த்துவிடலாம்.

மேல் ஆற்றுக்குச் செங்கோட்டை ரயில். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, ஓடும் நீரில் ஊறவைத்து, நூலிழை போலக் கிழித்து நெய்யும் பாய்க்கு உலகப் பெயர். நயமான பாயை மடித்தால் பட்டுத் துணி போல மடியும். நெய்ய வாரக்கணக்கில் ஆகும். அதற்கான விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கிறவர்கள் வந்தால்தான் அந்தத் தறிகள் ஓடும். அடுத்த ஊர் காருகுறிச்சி, நாகஸ்வர மேதை அருணாசலத்தின் ஊர்.

வீரவநல்லூருக்கும் முக்கூடலுக்கும் அருகே, கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடத்தில், திருப்புடைமருதூர். இந்தப் பள்ளத்தாக்கில் ஓர் இடத்துக்கு மட்டும்தான் போக முடியும் என்றால் இந்த ஊரைச் சொல்லலாம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே, அடுக்கடுக்காக, நாயக்கர் கால ஓவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. போர்க்காட்சி, கப்பலில் வந்திறங்கும் குதிரைகள், புராணக் கதைகள் என்று சுவர் முழுக்க வண்ணம். கோபுரத்துக்குள் ஏற அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். கைபட்டால் உதிரும் நிலையில் உள்ளவை என்பதால் அந்தக் கட்டுப்பாடு சரியானது. வெளியே ஆற்றங்கரை மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். ஊர் மக்களே பாதுகாத்து வந்த இந்தப் பறவைகளுக்காக 2005இல் இது காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே இந்த வகையில் முதல் அறிவிப்பு இதுதான்.

கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பைக்கும் நடுவே ரயில் ஆற்றைக் கடக்கிறது. அப்பளத்துக்குப் பெயர்பெற்ற கல்லிடைக்குறிச்சியில் குலசேகரமுடையார் கோயில் நடராசரைப் பார்க்காமல் வரக்கூடாது. 1982இல் களவு போன சிலை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்தில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு 2019இல் ஊர் திரும்பியது. அன்று ஊரே தெருவில் நின்று வரவேற்றது.

அம்பையிலிருந்து பேருந்தில் விக்கிரமசிங்கபுரம், பாபநாசம். அருவியின் விசையை நம்பி 19ஆம் நூற்றாண்டில் ஹார்வி கம்பெனி பஞ்சாலை அமைத்த இடம். 1944 முதல் இங்கே நீர்மின்சாரம் எடுக்கிறார்கள். இதற்கு மேல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் தொடங்குகிறது. அகத்தியர் அருவி, காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில் எல்லாம் வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு அப்பால். மாலையில் சாவடியை மூடிவிடுவார்கள். மழை, தீ, விலங்கு நடமாட்டம் என்று முன்னறிவிப்பின்றித் தடையும் வரும். காடு சார்ந்த இடங்களுக்கு இன்ன தேதி என்று முடிவு செய்துகொண்டு வருவது ஏமாற்றத்தில் முடியும். ஒரே ஊரில் தங்குவதன் பலன் இங்கேதான் முழுமையாகத் தெரியும்: இன்று சாவடி திறக்கவில்லையா, அடுத்த வண்டியில் திருப்புடைமருதூர் போய்விட்டு, காட்டை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாபநாசத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பரிகாரம் என்று குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளியும் தீரவில்லை. பாறை இடுக்கில் சிக்கும் சேலை அடுத்துக் குளிப்பவரின் காலைச் சுற்றுகிறது, மீனுக்கும் கேடு. எந்தச் சாமியும் கேட்காத காணிக்கை இது. தயவுசெய்து துணியைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

நெல்லைக்குள் ஒரு நாள் இருக்க வேண்டும், அதுவும் அலைந்த நாள்களுக்கு நடுவில். நெல்லையப்பர் கோயிலில் இசைத் தூண்கள், தாமிர சபை. மாலையில் கீழரத வீதியில் இருட்டுக்கடை திறந்ததும் அல்வாவுக்குக் கூட்டம். மத்தியானம் உணவகத்தில் சொதி கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். தேங்காய்ப்பாலில் காய்கறி வேகவைத்து இஞ்சித் துவையலோடு பரிமாறும் இது நெல்லை வீட்டு விருந்துச் சாப்பாடு. குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில். வெள்ளம் வரும்போது உற்சவரைக் கரைக்கு எடுத்துப் போய்விடுவார்கள், வடிந்ததும் மறுபடி பூசை. டவுனையும் பாளையையும் இணைக்கும் பாலம் 1843இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தது. அதன் மேல் நின்று பார்த்தால் கொக்கிரகுளம் தெரியும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாக வந்தபோது, காவல்துறைத் தடியடியில் சிதறி ஆற்றுக்குள் இறங்கியவர்களில் 17 பேர் இறந்தார்கள். இந்த ஆற்றின் கதையில் கோயிலும் நெல்லும் மட்டும் இல்லை. அதே படித்துறைகளின் ஓரமாக இன்று நகரத்துச் சாக்கடை கலக்கிறது. அது தொடர்பான வழக்கில் 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் நேரில் வந்து பார்த்தார்கள். ஊருக்குள் குளிக்காமல், குளிக்க விரும்புகிறவர் மேலே போவது நல்லது.

ஆற்றை விட்டு விலகவும் நெல்லையிலிருந்து வழி உண்டு. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் 40 கிலோமீட்டருக்குள். வரித்தலை வாத்து தை மாதத்தில் அங்கே இருக்கும். தூத்துக்குடிச் சாலையில் வல்லநாட்டு வெளிமான் சரணாலயம். தெற்கே திருக்குறுங்குடி.

எப்போது வருவது? பிசான நெல் நிற்கும் மார்கழி, தை மாதங்கள் எல்லாவற்றுக்கும் பொருத்தம். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு தன் போக்கில் இருக்கும்; சில ஆண்டுகளில் மார்கழிப் பிறப்பிலும் அப்படித்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் சுற்றிலும் வெள்ளத்தோடு நிலையத்தில் மாட்டிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்துக் கிராமத்தினர் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் வருகிறவர் காலையில் செய்தித்தாளில் அணை நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்பவை முழுக் கொள்ளளவு. அந்த எண்களை நெருங்கிவிட்டால் அன்றைக்கு ஆற்றங்கரை வேண்டாம்.

நெல்லையை விட்டு வேறிடத்தில் தங்க வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலத்துக்கு மட்டுமே வருகிறவர் தென்காசியில் இருப்பதே சரி. ஐந்தருவிக்கு விடியற்காலையில் போக வேண்டுமே. இன்னொன்று வைகாசியில் ஆழ்வார்திருநகரியில் நடக்கும் கருடசேவை. நவதிருப்பதியின் ஒன்பது பெருமாள்களும் ஒன்பது கருட வாகனங்களில் நம்மாழ்வாருக்குக் காட்சி கொடுக்கும் அந்த உற்சவம் இரவில் நடக்கும். முடியும் நேரத்தில் நெல்லைக்கு ரயில் இருக்காது. அந்த ஓர் இரவுக்கு மாற்றுத் துணியோடு பகலிலேயே போய், ஊருக்குள் தெரிந்தவர் வீட்டிலோ சத்திரத்திலோ முன்கூட்டியே இடம் சொல்லி வைத்துக்கொள்ள வேண்டும்.